ஆர்டர் நிறைய, கையில் காசில்லை

(குன்னூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களும், கோவைக்கு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் கூடியிருந்தார்கள்.)

அனைவருக்கும் வணக்கம். இந்த மழையிலும் குளிரிலும் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

நான் கோத்தகிரிப் பக்கத்துக்காரன். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் அங்கே செய்யவில்லை. ரசாயன ஆலை, காகித ஆலை, மின் நிலையம், பெரிய குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கான பம்ப். ஒரு பம்பே சில லட்சம் ரூபாய் வரும்.

"மலையில் உட்கார்ந்துகொண்டு பம்ப் கம்பெனியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?" என்று வரும்போது ஒரு நண்பர் கேட்டார். காரணம் இருக்கிறது. 1932-ல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கிப் போன பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. மாட்டைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த கிணறுகளில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் அங்கே உருவானது. அப்புறம் உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரி, பட்டறை, பம்ப் என்று ஊரே அதில் இறங்கியது. நம் மலைத் தண்ணீர் பிறப்பித்த தொழில் அது. இன்று நம் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அதில்தான் சம்பளம். அந்தச் சம்பளம் எந்த இடத்தில் ஆடும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரே ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஆர்டர் இல்லாமல் மூடிய கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆர்டர் குறைந்தால் முதலாளி செலவைக் குறைப்பார், அடுத்தவர் வேலையைக் கூலிக்கு (ஜாப் ஒர்க்) எடுத்துச் செய்வார், எப்படியோ தள்ளிவிடுவார். தன் வாழ்நாளிலேயே பெரிய ஆர்டர் வந்த வருடத்தில் படுத்த கம்பெனிகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

இது எப்படி நடக்கும் என்பதற்குப் பம்பையே எடுத்துக்கொள்ளலாம்.

பம்ப் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்து, அது எட்டு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். கோவையில் ஆறு மீட்டர் ஆழத்திலிருந்து தயங்காமல் எடுக்கும் பம்ப், ஊட்டியில் நாலு மீட்டரிலேயே திணறும். பம்ப் அதேதான், மோட்டார் அதேதான். உறிஞ்சும் பக்கத்தில் வரத்து போதாமல் போகும்போது உள்ளே தண்ணீர் ஆவிக்குமிழிகளாக மாறி, இம்பெல்லரின், அதாவது உள்ளே சுழலும் சக்கரத்தின், மேல் வெடிக்கும். பம்புக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வரும். கொஞ்ச நாளில் இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் கறையான் அரித்த மாதிரி இருக்கும். அனுபவப்பட்ட மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தள்ளும் பக்கத்து வால்வைத் தொடமாட்டார். நேரே உறிஞ்சும் குழாய்க்குத்தான் போவார்.

கம்பெனியும் அப்படித்தான். தள்ளும் பக்கம் விற்பனை. எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உறிஞ்சும் பக்கம், கைக்கு வரும் காசு. அரிப்பு அங்கே தொடங்குகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு கோடி ரூபாய்க்கு ஓர் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு லாபம், அதாவது 24 லட்சம். இப்போது பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதலில் பத்து சதவீதம் முன்பணம். அதையும் சும்மா தரமாட்டார்கள், அதற்கு ஈடாக பேங்க் கியாரண்டி, அதாவது நாம் தவறினால் பேங்க் பணம் தரும் என்ற உறுதி, கேட்பார்கள். பம்பைச் செய்து, சோதனை காட்டி, லாரி ஏற்றிய பிறகு எண்பது சதவீதத்துக்கு பில். அந்தப் பணம் வர இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகும். மீதி பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பம்பை நிறுவி, ஓட்டிக் காட்டி, அவர்கள் திருப்தி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அது வரும். இருபது லட்சம்!

லாபம் 24 லட்சம், பிடித்து வைத்திருப்பது 20 லட்சம். கிட்டத்தட்ட லாபம் முழுவதும் அந்தப் பிடிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. கம்பெனியின் கணக்கில் லாபம் ஏறிவிட்டது, அதற்கு வருமான வரியும் கட்டியாயிற்று. கையில் இல்லை.

இதற்கு நடுவில் பவுண்டரிக்காரருக்குக் கொடுக்க வேண்டும், மோட்டார் வாங்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம். பேங்கில் சிசி லிமிட்டிலிருந்து, அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பிலிருந்து, ஒன்றரைக் கோடியை ஆறு மாதம் எடுத்தால், பத்து சதவீத வட்டியில் ஏழரை லட்சம் போய்விடும். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம், அதிகபட்சம் ஐந்து சதவீதம் என்று ஒப்பந்தங்களில் வழக்கமாகப் போடுவார்கள். முழு அபராதம் விழுந்தால் பத்து லட்சம். 24-ல் பதினேழரை போயிற்று. இன்னும் உலோக விலை பற்றி நான் பேசவே இல்லை.

உலோக விலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரசாயன ஆலைக்குப் போகும் பம்புகளில் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு வார்ப்பு. வழக்கமாகப் பயன்படும் ஒரு ரகத்தில் நூற்றுக்கு 9 முதல் 12 பங்கு நிக்கல். உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், 2022 மார்ச் 8-ஆம் தேதி, லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் ஒரு டன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தையையே சில நாள் நிறுத்தி, அன்று நடந்த வியாபாரங்களை ரத்து செய்தார்கள். செம்பும் லேசுப்பட்டதில்லை. 2020 மார்ச்சில் டன் ஐயாயிரம் டாலருக்குக் கீழே கிடந்தது, 2021 மே மாதம் பத்தாயிரத்தைத் தாண்டியது. பதினான்கு மாதத்தில் இரட்டிப்பு. ஆர்டரில் எழுதிய விலை மட்டும் அன்று எழுதியதுதான். விலையேற்றத்தை வாங்குபவரோடு பங்கிட்டுக்கொள்ளும் ஷரத்தைக் கேட்டு எழுதி வாங்காதவர்கள் அந்த வருடம் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். ஷரத்தைக் கேட்டால் ஆர்டர் கைநழுவிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். முன்னூறு குடும்பம் பின்னால் நிற்கும்போது யாருக்கும் வரும்.

எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே ஓர் ஆலைக்குப் பதினான்கு பம்ப். அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர். அன்று கேன்டீனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். வார்ப்பு வந்தது. தண்ணீர் அழுத்தச் சோதனையில் பம்பின் வெளிக்கூடான கேசிங் நான்கு கசிந்தன, உள்ளே ப்ளோ ஹோல், அதாவது வார்ப்பில் காற்று விட்ட ஓட்டை. திருப்பி அனுப்பி மறுபடி வார்த்து வர ஏழு வாரம். அபராதக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அனுப்பினோம். அங்கே ஆலைக் கட்டிடமே எழும்பவில்லை! பம்புகள் பெட்டியோடு ஷெட்டில் கிடந்தன. நிறுவினால்தானே மீதிப் பணம்? ஒன்றரை வருடம் கழித்துத் திறந்தார்கள். அங்கே யாரும் ஷாப்டை, பம்பின் சுழல் தண்டை, கையால்கூடச் சுற்றி வைக்கவில்லை. பேரிங்கில் துரு, சீல் ஒட்டிப்போயிருந்தது. எங்கள் செலவில் ஆள் போய்ச் சரிசெய்து கொடுத்தோம்.

அந்த இடைவெளியில் ஒரு மாதம் சம்பளம் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. நோட்டீஸை நான்தான் எழுதி ஒட்டினேன். அதன் முன்னால் நின்று படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனவர்களில் இரண்டு பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள். ஆர்டர் புத்தகம் நிறைந்திருந்த வருடம் அது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு தொழிலுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுத்து முடிக்கும் வருடம்வரை, வாங்கிய கம்பெனி தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம். ஆனால் இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான். நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. கோவையில் ஓரளவு வளர்ந்த தொழிற்சாலை பம்ப் கம்பெனி எங்கே நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? அந்த நடுவில். வார்ப்பு கொடுக்கும் சின்ன பவுண்டரிக்கு 45 நாளில் கட்டியாக வேண்டும், அது நியாயமும்கூட. தனக்கு வர வேண்டியது நூற்றிருபது நாளில் வந்தாலும் கேட்க வழியில்லை. வளர்ந்ததற்கு இப்படி ஒரு விலை. இந்த இடத்தைச் சட்டம் திருத்த வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மனுக்களிலும் எழுதியிருக்கிறேன்.

போட்டி, போலி உதிரி பாகம், ஆள் பற்றாக்குறை, மின்கட்டணம் இவையெல்லாமும் இருக்கின்றன. இவற்றைப் பற்றித் தினமும் பேப்பரில் படிக்கிறோம், அதனால் மேலே போகிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்று. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். இந்த அரங்கிலும் அங்கே வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1960-ல் தொடங்கி, 1967-ல் உற்பத்திக்கு வந்தது. "டிஜிட்டல் கேமரா வந்து பிலிமைக் கொன்றுவிட்டது" என்றுதான் இன்று எல்லோரும் சொல்கிறோம். தேதியைப் பாருங்கள். 1996-லேயே அது நலிவுற்ற நிறுவனமாகிவிட்டது. அப்போது நம்மில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? எக்ஸ்ரே பிலிமுக்காகப் பெரும் கடனில் புதிய ஆலை போட்டார்கள். அதே காலத்தில் நாட்டின் கதவு திறந்து இறக்குமதி வரி இறங்கியது. வெளிநாட்டு பிலிம் மலிந்தது, கடன் வட்டி மட்டும் மலியவில்லை. டிஜிட்டல் பிறகு வந்து மண்ணைத்தான் போட்டது. உழைத்தவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அதை இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. வந்து சேராத காசு ஒரு பக்கம் என்றால், விற்று எத்தனையோ வருடம் கழித்துத் திரும்பிப் போகும் காசு இன்னொரு பக்கம். பழைய பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு தெரியும். ஷாப்டைச் சுற்றிக் கசிவை அடைக்கப் போடுவது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களுக்குப் பம்பு முதலான கருவிகள் செய்து கொடுத்த கம்பெனிகள்மேல் ஒரு வழக்கு நடந்தது. "நாங்கள் வெறும் இரும்பாகத்தான் கொடுத்தோம், ஆஸ்பெஸ்டாஸைப் பிறகு சேர்த்தது கடற்படை" என்பது கம்பெனிகளின் வாதம். 2019 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் பாகம் இல்லாமல் உங்கள் கருவி ஓடாது என்று தெரிந்தும், ஆபத்து தெரிந்தும், மாலுமிகள் தாங்களே அதை உணர்வார்கள் என்று நம்ப இடமில்லாதபோது எச்சரிக்க வேண்டியது உங்கள் கடமை என்றது. மாலுமிகள் புற்றுநோயில் இறந்த பிறகு வந்த தீர்ப்பு. எந்த வருடக் கணக்கிலும் இந்தச் செலவு எழுதப்பட்டிருக்காது. ஏற்றுமதி செய்யும் நம் கோவைக் கம்பெனிகள் தாங்கள் போடும் கேஸ்கெட், பேக்கிங் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்ற காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அந்தக் கயிற்றை வெட்டுவது நம் பிள்ளைகள்.

கடைசியாக, கையோடு கொண்டுபோக ஒன்று. உங்கள் மகனோ மகளோ ஒரு கம்பெனியில் சேரப்போகிறார்கள், அல்லது நீங்கள் ஓய்வுப்பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கப் போகிறீர்கள். விற்பனை எவ்வளவு வளர்ந்தது என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் புரட்டிவிட்டுப் பின்னால் போங்கள். 2021 ஏப்ரல் முதல், வர வேண்டிய பணம் எத்தனை நாளாக நிற்கிறது என்று கம்பெனிகள் தங்கள் கணக்கறிக்கையில் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள், ஒரு வருடத்துக்குள், இரண்டு, மூன்று, அதற்கும் மேல் என்று வரிசையாக இருக்கும். மூன்று வருடத்துக்கு மேல் என்ற கட்டத்தில் இருக்கும் தொகையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். போன வருட அறிக்கையை எடுத்து அதே கட்டத்தைப் பாருங்கள். விற்பனை ஏறிய வேகத்தைவிட அது வேகமாக ஏறியிருந்தால், சேரும் முன் அந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் யாரையாவது தேடிப் பிடித்து, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

முன் வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்க தம்பி.