சோழிக்குள் இருக்கும் சொற்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

புதிய மொழியொன்றைக் கற்கத் தொடங்கிய எவருக்கும் இந்த வேதனை தெரிந்திருக்கும். நேற்றிரவு இருபது முறை வாய்விட்டுப் படித்த சொல், இன்று ஒருவர் எதிரே நின்று பேசும்போது நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், இது நமக்குத் தெரிந்த சொல்தானே என்று மனம் அடித்துச் சொல்கிறது. பார்த்தால் தெரிகிறது, வேண்டும்போது வரவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பணத்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்; அந்த வரலாறுதான் எனக்குச் சொற்களை நினைவில் வைக்கக் கற்றுத் தந்தது.

நான் சீன மொழி கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், குறிப்பேட்டின் இடப்பக்கம் சீனச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ப் பொருளுமாக எழுதி, நாள்தோறும் மேலிருந்து கீழாகப் படித்து வந்தேன். வாங்குவதற்கும் விற்பதற்கும் உரிய சொற்கள் இரண்டும் ‘மாய்’ என்றே ஒலிக்கும். குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. வாங்க வந்தவன் விற்க வந்தவனாகப் பேசி, பேசி, நான் அலுத்துப் போயிருந்த நாளில், என் ஆசிரியர் ஒரே ஓர் எழுத்தைப் பலகையில் எழுதினார். அது சோழியைக் குறிக்கும் எழுத்து.

பழங்காலச் சீனத்தில் சோழி செல்வமாகப் போற்றப்பட்டது, பணமாகவும் வழங்கியது. சோழிகள் புழக்கத்திலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகும், எழுத்துகளுக்குள் அவை அப்படியே தங்கிவிட்டன. செல்வம் என்று எழுதினால் அதில் ஒரு சோழி இருக்கிறது. சரக்கு, விலையுயர்ந்தது, கடன் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு சோழி இருக்கிறது. பழைய வடிவில் வாங்குவதற்கான எழுத்திலும் சோழி உண்டு. அதன் தலையில் இன்னோர் உறுப்பை ஏற்றினால் விற்பது என்றாகும். இவற்றுள் என்னை நெகிழவைத்தது வறுமைக்கான எழுத்து. மேலே பங்கிடுதல் என்னும் எழுத்து, கீழே சோழி. இருந்த சோழியையும் பங்கிட்டாயிற்று. அதன் ஒலி நம் ‘பின்’ என்பதற்கு மிக நெருக்கமானது. பங்கிட்ட பின் வறுமை என்று அன்று நானே ஒரு தொடர் கட்டிக்கொண்டேன். அந்தச் சொல் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

இது சீனத்திற்கு மட்டும் உரிய விந்தை அன்று. இலத்தீனில் பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’ என்னும் சொல், கால்நடையைக் குறிக்கும் ‘பெக்குஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. நமக்கோ இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதே இல்லை. ‘மாடல்ல மற்றை யவை’ என்று வள்ளுவர் முடிக்கும் குறளில் மாடு என்பதற்குச் செல்வம் என்றே பொருள். ரூபாய் என்ற சொல்லுக்குள் வெள்ளி இருக்கிறது. மெசொப்பொத்தேமியாவின் ‘ஷெக்கல்’ முதலில் ஓர் எடை. வெள்ளியை நிறுத்துக் கொடுத்த காலத்தில் பிறந்த அந்தச் சொல், பின்னர் நாணயத்தின் பெயராயிற்று. கால்நடை, சோழி, நிறுத்த வெள்ளி, முத்திரையிட்ட காசு என்று பணம் வளர்ந்த வழியெங்கும் சொற்கள் சிதறிக் கிடக்கின்றன. அந்த வழியில் நடப்பவருக்கு அவை தனித்தனிச் சொற்களாக இல்லாமல் ஒரு குடும்பமாகவே அறிமுகமாகின்றன.

ஆனால் நேயர்களே, கதை மட்டும் போதாது. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து, 1885இல் நூலாக வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திற்குள் நழுவிவிடுவதைக் கண்டார். அந்த நழுவலைத் தடுப்பது எது? 2008இல் கார்ப்பிக்கே, ரோடிகர் என்னும் இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் 40 சொற்களைக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்கள், ஒரு வாரத்திற்குப் பிறகு ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். அப்படி எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களால் மூன்றில் ஒரு பங்கு அளவே சொல்ல முடிந்தது. என் குறிப்பேட்டின் குறை இதுதான். நான் படித்துக்கொண்டே இருந்தேன், ஒருநாளும் வலப்பக்கத்தைக் கையால் மறைத்து என்னை நானே கேட்டதில்லை. மறைத்துக் கேளுங்கள். மீண்டும் சொல்கிறேன், மறைத்துவிட்டுக் கேளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. சொற்களைச் சிறு அட்டைகளில் எழுதி, பல அறைகள் கொண்ட பெட்டியில் அடுக்கிப் பயிலும், செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய முறையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த அறைக்குப் போய்க் கூடுதல் நாள் காத்திருக்கும், தவறிய சொல்லின் அட்டை முதல் அறைக்கே திரும்பும். தாள் பணத்தின் கதைக்கும் இன்று இடமில்லாமல் போயிற்று. சீனாவின் சிச்சுவான் பகுதியில் இரும்புக் காசுகளின் பாரம் தாளாமல் வணிகர்கள் புழங்கிய சீட்டை, 1024இல் அரசே வெளியிடத் தொடங்கியது என்பதையும், பணத்தாளைக் குறிக்கும் சீன எழுத்துக்குள் உலோகம் என்ற உறுப்பு இன்றும் இருக்கிறது என்பதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விடைபெறுமுன் ஒரு கேள்வி. சோழியின் மேல் பங்கிடுதலை ஏற்றி எழுதும் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும்? விடையை நான் சொல்லப் போவதில்லை. இன்றிரவு ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, நீங்களே எடுத்துச் சொல்லிப் பாருங்கள். வணக்கம்.