மார்ச் 25: கிரேக்கர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட தேதி

[திரையில்: மலைமேல் ஒரு மடாலயம்]

வணக்கம். கிரேக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் கதை இப்படி வரும்: 1821 மார்ச் 25. கலாவ்ரிதா ஊருக்கு அருகே அகியா லாவ்ரா மடாலயம். பத்ராஸ் ஆயர் ஜெர்மானோஸ் கொடியை உயர்த்த, போராளிகள் சத்தியம் செய்ய, ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான சுதந்திரப் போர் தொடங்கியது.

அருமையான காட்சிதான். ஆனால் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. பிப்ரவரியிலேயே கிரேக்கப் புரட்சித் தலைவர் அலெக்சாண்ட்ரோஸ் இப்சிலாந்திஸ் வடக்கே புரூத் ஆற்றைக் கடந்து கிளர்ச்சியைத் தொடங்கிவிட்டார். தெற்கே கலாமாதா நகரம் மார்ச் 23 அன்றே கிரேக்கர் கைக்கு வந்தது. அதாவது, போர் 'தொடங்கிய' நாளுக்கு இரண்டு நாள் முன்பே!

அப்படியானால் 25 எங்கிருந்து வந்தது? அது கன்னி மரியாளிடம் தேவதூதர் வந்து, குழந்தை பிறக்கப்போவதைச் சொன்ன திருநாள். கிறிஸ்துவின் வருகையும் நாட்டின் விடுதலையும் ஒரே நாளில் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? 1838-இல், மன்னர் ஓத்தோ காலத்தில், அதுவே தேசிய விழாவானது.

[திரையில்: இரண்டு நாட்காட்டிகள் பக்கத்தில் பக்கத்தில்]

இங்கே ஒரு சிக்கல். கிரேக்கம் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது மேற்கு ஐரோப்பாவை விட 12 நாள் பின்தங்கியிருந்தது. முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கிய நாளை எல்லாப் புத்தகங்களும் 1896 ஏப்ரல் 6 என்றுதான் போடுகின்றன. ஏதென்ஸ்வாசிகளுக்கு அன்று மார்ச் 25! பளிங்கு மைதானத்தில் மன்னர் முதலாம் ஜார்ஜ் போட்டிகளைத் தொடங்கி வைத்தபோது, வெளியே ஊரே சுதந்திர நாள் கொண்டாட்டத்தில் இருந்தது. அன்றைக்கே அமெரிக்கர் ஜேம்ஸ் கானலி மும்முறைத் தாண்டலில் வென்று முதல் சாம்பியன் ஆனார். பாவம், உள்ளூர்க்காரர்கள் தடகள வெற்றிக்கு மாரத்தான் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1923-இல் அரசு நாட்காட்டியை மாற்றியது. பிப்ரவரி 15-க்கு மறுநாளே மார்ச் 1. திருச்சபை அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் வழிக்கு வந்தது.

[திரையில்: 1924, ஏதென்ஸ்]

அதே மார்ச்சில், 25-ஆம் தேதி, பிரதமர் அலெக்சாண்ட்ரோஸ் பாபனஸ்தசியூவின் அரசு நாடாளுமன்றத்தில் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசை அறிவித்தது. ஏப்ரல் 13 வாக்கெடுப்பில் மக்களும் ஆமாம் என்றார்கள். ஆனால் 1935-இல் மன்னர் திரும்பி வந்துவிட்டார். முடியாட்சிக்கு நிரந்தரமாக முற்றுப்புள்ளி விழுந்தது 1974 டிசம்பரில்தான்.

சரி, இன்றைக்கு அந்த நாளில் என்ன நடக்கிறது? ஏதென்ஸில் ராணுவ அணிவகுப்பு, அப்புறம் சாப்பாடு. தவக்காலத்தில் மீனுக்குத் தடை என்றாலும் இந்தத் திருநாளுக்கும் குருத்து ஞாயிறுக்கும் விலக்கு உண்டு. கடலுக்குத் தொலைவான மலைக் கிராமங்களுக்குப் புது மீன் எப்படிப் போகும்? அதனால்தான் கெடாத உப்புக் காட் மீன். மாவில் தோய்த்துப் பொரித்து, தூக்கலான பூண்டுத் துவையலோடு தின்பார்கள்.