கேட்காமலே இறங்கும் வீடியோக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"நான் சினிமா எல்லாம் பார்ப்பதே இல்லை, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் மட்டும்தான். அப்படியும் டேட்டா எங்கே போகிறதென்றே தெரியவில்லை." இதைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள், நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் விரும்பிப் பார்த்தது கொஞ்சம்தான். ஆனால் போனுக்குள் வந்து இறங்கியது அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் எது கனம், எது லேசு என்று பார்த்துவிடுவோம். நாலைந்து வரியில் தமிழில் ஒரு செய்தி அனுப்பினால் எழுத்துகளின் எடை ஏறக்குறைய 1,000 பைட். சுமாரான தெளிவில் ஓடும் வீடியோ நொடிக்கு 1 மெகாபிட் வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே நிமிடத்துக்கு 7.5 எம்பி (மெகாபைட்), ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. அதாவது ஒரே ஒரு நிமிட வீடியோ, ஏழாயிரம் செய்திகளுக்கு மேல் சாப்பிட்டுவிடுகிறது. ஆகவே குட்மார்னிங் செய்திக்குப் பதில் போடலாமா வேண்டாமா என்று டேட்டாவை நினைத்து யோசிக்காதீர்கள். தாராளமாகப் போடுங்கள். ஒலியும் லேசானதுதான். நொடிக்கு 64 கிலோபிட்டில் ஓடும் ஆன்லைன் வானொலி, மணிக்கு 30 எம்பியைத் தாண்டாது. இந்த உரையைப் போனில் உள்ள எஃப்எம் ரிசீவரில் கேட்கிறீர்கள் என்றால் அந்தச் செலவும் இல்லை. கணக்குப் பார்க்க வேண்டியது வீடியோவை மட்டும்தான்.

அந்த வீடியோ இரண்டு வழிகளில் நம்மை ஏமாற்றுகிறது. ஒன்று, நாம் கேட்காமலே ஓடுகிறது. ஃபேஸ்புக் 2013இல் வீடியோக்களைத் தானாக ஓடவிட ஆரம்பித்தது, அப்புறம் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் இல்லாமல் ஓடுவதால் பலருக்கு அது கணக்கிலேயே வருவதில்லை. சத்தம் நம் காதில் விழவில்லையே தவிர, படம் முழுக்க இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே. ஒரு ரீல் பிடிக்கவில்லை, மூன்று நொடியில் விரலால் மேலே தள்ளிவிடுகிறீர்கள். அடுத்தது உடனே ஓடுகிறது. சுற்றிக்கொண்டே நிற்கும் அந்த வட்டத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை. இது எப்படி? நீங்கள் முதல் ரீலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்து வரப்போவதைச் செயலி இறக்கி வைத்துவிட்டது. நீங்கள் தள்ளிவிட்டவற்றிலும் பார்க்காத பகுதி ஏற்கெனவே இறங்கியிருக்கக்கூடும். பார்க்காமல் செயலியை மூடினாலும் இறங்கியது இறங்கியதுதான். பொறுமை இல்லாமல் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு, ஒரே வீடியோவை நிதானமாகப் பார்ப்பவரைவிட அதிக டேட்டா செலவாவது இதனால்தான்.

இரண்டாவது வழி, தெளிவு. பெரும்பாலான செயலிகளில் வீடியோ தரம் 'ஆட்டோ' என்றுதான் இருக்கும். ஆட்டோ என்றால் நமக்கு ஏற்றபடி என்று நினைத்துக்கொள்கிறோம். அது முக்கியமாகப் பார்ப்பது நெட் வேகத்தைத்தான். குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தண்ணீரைத் திறந்துவிடும், தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்காது. 4ஜியிலிருந்து 5ஜிக்கு மாறியவர்கள், பழக்கம் எதுவும் மாறாமலே டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1080பி என்ற உயர்ந்த தெளிவுள்ள வீடியோவின் ஒவ்வொரு படத்திலும் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 480பி என்ற சுமாரான தெளிவில் சுமார் 4 லட்சம். சுருக்கி அனுப்பும் தொழில்நுட்பம் இருப்பதால் செலவு சரியாக ஐந்து மடங்கு ஆகிவிடாது, ஆனாலும் பெரிய வித்தியாசம் இருக்கும். உள்ளங்கை அகலத் திரையில் ஒருவர் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க 480பி போதும் என்பது என் கட்சி. பொடி எழுத்தில் பாடம் நடத்தும் வீடியோ என்றால் அதற்கு மட்டும் தரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

சரி, எங்கே போய் மாற்றுவது? மெனுவின் பெயர்கள் அப்டேட்டுக்கு அப்டேட் மாறும், நான் சொல்வது கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஃபேஸ்புக்கில் செட்டிங்ஸுக்குள் 'மீடியா' என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஆட்டோபிளேயை 'வைஃபை மட்டும்' அல்லது 'எப்போதும் வேண்டாம்' என்று வையுங்கள். இன்ஸ்டாகிராமில் ஆட்டோபிளேயை அடியோடு நிறுத்த வழி இல்லை, எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் மீடியா குவாலிட்டி பகுதியில் மொபைல் டேட்டாவைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் முன்கூட்டியே இறக்கி வைப்பது குறையும். அடுத்த ரீல் வர ஒரு நொடி தாமதமாகும், அவ்வளவுதான். யூடியூபில் வீடியோ குவாலிட்டிக்குள் மொபைல் நெட்வொர்க்குக்கு என்று தனியாக 'டேட்டா சேவர்' இருக்கிறது. முகப்பில் படங்கள் தானாக ஓடுவதை நிறுத்த 'பிளேபேக் இன் ஃபீட்ஸ்' என்று தேடுங்கள். எக்ஸ் தளத்தில் 'டேட்டா யூசேஜ்' என்ற இடத்தில் ஆட்டோபிளே, வீடியோ தரம் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் கதை வேறு. அங்கே செலவை ஏற்றிவிடுவது குரூப்கள். ஒரே வீடியோ குடும்ப குரூப்பில் வரும், பழைய மாணவர் குரூப்பில் வரும், அலுவலக குரூப்பிலும் வரும். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' என்பதைத் திறந்து, மொபைல் டேட்டாவுக்கு உரிய எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். குரல் செய்திகள் மட்டும் எப்படியும் தானாக இறங்கும், அது பெரிய விஷயமில்லை. இனி படம் மங்கலாகத் தெரியும், வேண்டுமானால் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். நாலு பேர் அனுப்பிய ஒரே வீடியோவில் மூன்றைத் தொடாமல் விட்டுவிடலாம். அதே பக்கத்தில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்று ஒரு பொத்தான் உண்டு. அனுப்பும் படங்களின் தரத்தை ஹெச்டி என்று வைத்திருந்தால் அதையும் சாதாரணமாக்குங்கள், நாம் அனுப்புவதும் நம் கணக்கில்தான் ஏறும். டெலிகிராமிலும் 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்' பகுதியில் இதே வேலையைச் செய்ய வேண்டும். பெரிய பெரிய சேனல்களில் சேர்ந்திருப்பவர்கள் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது, ஹாட்ஸ்பாட். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் போனிலிருந்து நெட் கொடுக்கிறீர்கள். அவருடைய போனுக்கு அது வைஃபை. 'வைஃபை கிடைத்தால் செய்' என்று அவர் ஒத்திப்போட்ட பேக்கப், செயலி அப்டேட், ஹெச்டி வீடியோ எல்லாம் அந்த நிமிடமே உங்கள் டேட்டாவில் ஓட ஆரம்பித்துவிடலாம். அவர் மேல் தப்பில்லை, அவருக்கே தெரியாது. ஆண்ட்ராய்டில் அந்த இணைப்பை 'மீட்டர்டு', அதாவது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டியது, என்று குறித்துக்கொள்ளலாம், ஐபோனில் அந்த வைஃபைக்கு 'லோ டேட்டா மோடு' போடலாம். வாங்குகிறவர் போனில் செய்ய வேண்டிய வேலை இது, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இதற்கு நேர்மாறாக ஐபோனில் 'வைஃபை அசிஸ்ட்' என்று ஒன்று, மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். வைஃபை பலவீனமானால் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம்.

செயலிகள் மறுபடி பயன்படுத்துவதற்காகப் போனில் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளைக் கேஷ் என்பார்கள். சிலர் அதை அடிக்கடி அழிக்கிறார்கள். அது போனில் இடம் கொடுக்கும், டேட்டாவுக்கு அது எதிரி. ஏற்கெனவே இறங்கிய படங்களை அழித்துவிட்டால் செயலி மறுபடி முதலிலிருந்து இறக்கும்.

டேட்டாவைச் சேமித்துத் தருகிறோம் என்று வரும் தனிச் செயலிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓனாவோ என்ற நிறுவனம் அப்படித்தான் ஆரம்பித்தது. 2013இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. அந்த நிறுவனத்தின் 'ஓனாவோ புரொடெக்ட்' செயலி வழியாக, மக்கள் வேறு எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம் ஃபேஸ்புக்குக்குப் போனது தெரியவந்து, 2018இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து அது வெளியேறியது. இந்த விவகாரத்தில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. போனிலேயே இருக்கும் வசதி போதும். ஆண்ட்ராய்டில் 2016 முதல் டேட்டா சேவர் இருக்கிறது, ஐபோனில் 2019 முதல் லோ டேட்டா மோடு இருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் போனின் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு எடுத்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செயலியின் பெயரைத் தொட்டால் திறந்திருந்தபோது எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று பிரித்தே காட்டும். பின்னணித் தொகை பெரிதாக இருந்தால் 'பேக்கிரவுண்ட் டேட்டா'வை அங்கேயே அணைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்புக்கு அப்படிச் செய்தால் செய்தியும் அழைப்பும் நேரத்துக்கு வராது, அதை விட்டுவிடுங்கள். பட்டியலில் மேலே இருக்கும் இரண்டு செயலிகளைக் கவனித்தால் போதும், கீழே இருப்பவற்றை நோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.