மைனா அளவில் ஒரு வேட்டைக் குளவி

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் விலங்கியல் பேராசிரியப் பெருமக்களே, மலையகத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் தொழிற்சங்கத் தோழர்களே, காலி வீதி நெரிசலைக் கடந்து வெள்ளவத்தை வந்து சேர்ந்த தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். மங்கல விளக்கேற்றிய மருத்துவர் அம்மையாருக்கும் இந்தத் தலைப்பைத் தந்த விழாக் குழுவினருக்கும் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பரிணாமம் வேறு வழியில் போயிருந்தால் மைனா அளவில் ஒரு குளவி வேட்டையாடியிருக்குமா? இறக்கை, மூச்சு, இடுப்பு என மூன்றைப் பேசுவேன். 'விரலுக்கேற்ற வீக்கம்' என்பார்கள். உயிரியலுக்கு இதைவிடச் சுருக்கமான விதி கிடையாது.

தோட்டங்களில் காணும் குளவி ஏறக்குறைய இரண்டரை செ.மீ. அதை 25 செ.மீ. ஆக்குங்கள். நீளம் 10 மடங்கு, இறக்கைப் பரப்பு 100 மடங்கு, எடையோ 1000 மடங்கு. இறக்கையின் ஒவ்வொரு துண்டும் 10 மடங்கு பாரம் சுமக்கும். விழாதிருக்க வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடவேண்டும். அந்தரத்தில் நிற்கும் வித்தை போய்விடும். ஆகவே இறக்கை நீள வேண்டும், உடல் மெலிய வேண்டும். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகானியூரா அப்படித்தான்: தும்பிக்கு உறவு, இறக்கை விரிப்பு 65 செ.மீ. அளவு, உடலோ குச்சி.

மூச்சுதான் பெரிய சிக்கல். பூச்சிக்கு நுரையீரல் இல்லை. பக்கத் துளைகளில் புகும் காற்று குழல்கள் வழியே நேரே தசைக்குப் போகிறது. உடல் பெருத்தால் குழல்கள் அதைவிட வேகமாகப் பெருக்க வேண்டும். கால் உடலோடு சேரும் இடத்தில் அதற்கு இடம் போதாது. காற்றில் ஒட்சிசன் இன்றைய 21 வீதத்திலிருந்து 30க்கு ஏறினால் கொஞ்சம் தாங்கும். இரைக்குப் போட்டியிடும் பறவையும் வௌவாலும் இல்லாத தீவு ஒன்றும் வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம்!

இனி இடுப்பு. நம் வீடுகளில் சுவாமி அறை மூலையில் குளவி மண்கூடு கட்டினால் பாட்டிமார் கலைக்க விடமாட்டார்கள். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்பார்கள். மருமகளை ஒரு பார்வை பார்ப்பார்கள். குளவி பச்சைப் புழுவைக் கொண்டுவந்து அடைக்கும். சில வாரத்தில் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளிவரும். 'கொட்டக் கொட்டப் புழு குளவியாயிற்று' என்று சொல்லி, குரு சீடனைத் தன்னைப்போல ஆக்குவதற்கு அதையே உவமை காட்டினார்கள். உள்ளே நடப்பது வேறு. தாய்க்குளவி கொட்டிப் புழுவை முடக்குகிறது, கொல்வதில்லை, செத்தால் அழுகும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்த உயிருள்ள இறைச்சியைத் தின்று வளர்கிறது. பாட்டி கண்டது பொய்யல்ல. நடுவில் ஒரு படிதான் தெரியாமல் போனது.

அடைத்துவைப்பது ஏன்? மெல்லிய இடுப்பு வழியே திட உணவு இறங்காது. கூட்டமாக வாழும் குளவியும் இரையை மென்று உருண்டையாக்கிக் குஞ்சுக்குத் தருகிறது. தானோ குஞ்சு திருப்பிக் கக்கும் நீரை உண்கிறது. எனவே நமது மைனாக்குளவியும் கூட்டைவிட்டுத் தூரம் போகமுடியாது. கூடுதான் அதன் அடுப்படி. கூட்டைத் தொட்டால் கொட்டும். கொட்டும்போது நஞ்சோடு வரும் வாசனை மற்றவற்றையும் அழைக்கும்.

தோழர்களே, மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களை இன்றைய சிறு குளவி கொட்டுவதும் இதனால்தான். கையோ செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியோ செடிக்குள் மறைந்த கூட்டில் படுகிறது. முதல்நாள் மாலையே நிரைநிரையாக நடந்து, கான் எனும் வடிகால் ஓரமும் நிழல்மரமும் பார்த்து, கூடு தெரிந்தால் தள்ளி நின்று சிவப்புத் துணி கட்டுங்கள். காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரிக்கக் கூடும் இடத்தில், அதைச் சொல்லுங்கள். கூட்டை அகற்றுவது முழுக்கவச உடையோடு, பயிற்சி பெற்றவர், இரவில். பகலில் புகை போட்டால் வெளியே போன குளவிகள் திரும்பிவந்து கொட்டும். கொட்டுப்பட்டவர் கைவீசாமல் உடனே தூரம் ஓடவேண்டும். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் காத்திருக்க வேண்டாம்: தொடையில் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி, 1990 என்ற எண்ணுக்கு அழைத்து அம்புலன்ஸ். பல கொட்டு வாங்கியவர் தெம்பாக இருந்தாலும் வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கவேண்டும். சிறுநீர் கறுத்தால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கிறது. இங்கே விரலுக்கேற்ற வீக்கம் என்ற கணக்கு செல்லாது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும்.

ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் அட்ரினலின் இருக்கவேண்டும், அதைப் போடத் தெரிந்தவர் வேலைநேரம் முழுக்க அங்கே இருக்கவேண்டும் என்று கேட்கும் மனு மண்டப வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுப் போங்கள்.