இரண்டாவது கோப்பை

அவைத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அவையைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன பேராசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். ஃபேன் ஃபிக்‌ஷன் பற்றிப் பேசுகிறேன் என்றதும் தலைவர் ஐயா "தாராளமாகப் பேசுங்கள்" என்றார். நமக்குப் பிடித்த கதையின் ஆட்களை வைத்து ரசிகர்களாகிய நாமே எழுதும் புதுக்கதைகள்தான் அவை. பல மேடைகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். ஐயாவுக்கு என் நன்றி.

மூன்று விஷயங்கள் பேசப்போகிறேன். ஏன் எழுதுகிறார்கள், ஏன் படிக்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது.

பிடித்த கதை புத்தகத்தில் முடிந்துவிடுகிறது. நமக்குள் முடிய மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறோம். வில்லை ஒடிக்கும் முன்பே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது வால்மீகியில் இல்லை, கம்பர் சேர்த்தது. அந்த உயரத்தோடு நம் எழுத்தை ஒப்பிடவில்லை. ஆனால் "இவர்கள் முன்னாடியே பார்த்திருந்தால்?" என்ற ஆசை இருக்கிறதே, அது நம் எல்லோருக்கும் பழகிய ஆசை.

1893-ல் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் விழவைத்துக் கதையை முடித்தார். வாசகர்கள் கொதித்துப்போனார்கள். 1903-ல் ஹோம்ஸை உயிரோடு திரும்ப வரவைத்தார். கதைக்குள் அந்த இடைவெளி மூன்று ஆண்டுகள். என் முதல் கதை அந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான் நடக்கிறது.

சொல்கிறேன், கேளுங்கள். நண்பர் ஹோம்ஸ் இல்லாத பேக்கர் தெரு அறையைப் பார்க்க வாட்சன் வருகிறார். வீட்டுக்கார ஹட்சன் அம்மாள் தேநீர்த் தட்டோடு மாடியேறுகிறார். பழக்கதோஷம், தட்டில் இரண்டு கோப்பைகள். பாதிப் படியில்தான் அவருக்கு உறைக்கிறது. திரும்பிப் போகவும் மனசில்லை. வாட்சன் ஒன்றைக் குடிக்கிறார், மற்றது ஆறிப்போகிறது. இருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கதை அவ்வளவுதான்.

ஆறு இரவு உட்கார்ந்து எழுதினேன். பீட்டா, அதாவது வெளியிடும் முன் படித்துத் திருத்தம் சொல்வது, பார்த்துக்கொடுத்த தோழி, ஹட்சன் அம்மாள் அழுகிற இடத்தை அப்படியே வெட்டச் சொன்னாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அப்புறம் வெட்டினேன், அவள் சொன்னதுதான் சரி. நள்ளிரவில் பதிவேற்றினேன். காலையில் பார்த்தால் 11 பேர் திறந்திருந்தார்கள். ஒரு சொல் இல்லை. மறுநாள் 19 பேர். அப்போதும் இல்லை. ஒன்பதாம் நாள், அழித்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன். ஒரு பின்னூட்டம் காத்திருந்தது: "அந்த இரண்டாவது கோப்பையை யார் கழுவினார்கள்? இன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்."

யார், எந்த நாடு, எதுவும் தெரியாது. எழுதிய எனக்கே தோன்றாத கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இரண்டாம் அத்தியாயம் பிறந்தது. இன்று 17 அத்தியாயங்கள் ஆகிவிட்டன.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். 1967-லேயே ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். தட்டச்சு செய்து, பிரதியெடுத்து, தபாலில் அனுப்பிய காலம். படித்தவர் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்தை நம்பித்தான் அடுத்த கதை வரும். 2007-ல் ரசிகர்களே ஒரு லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, 2009-ல் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற இணையக் கதைக் காப்பகத்தைத் திறந்தார்கள். விளம்பரம் கிடையாது. தன்னார்வலர் உழைப்பு, வாசகர் நன்கொடை, அவ்வளவுதான். 2019-ல் அதற்கு அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது கிடைத்தது. ஊர் கூடி இழுத்த தேர் அது.

ஏன் படிக்கிறார்கள்? நமக்குப் பழகிய ஆட்கள். அறிமுகம் தேவையில்லை, முதல் வரியிலேயே உள்ளே போய்விடலாம். வேறென்ன சொல்ல.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தக் கதைகளுக்குக் காசு கிடையாது. எழுதுகிறவருக்குக் கூலி உங்கள் இரண்டு வரி. கதை பிடித்தது என்று காட்டும் குடோஸ் பொத்தானை அமுக்குவதும் சந்தோஷம்தான், ஆனால் அது போதவில்லை. "எனக்கு விமர்சனம் எழுத வராதே" என்கிறீர்கள். விமர்சனம் யார் கேட்டார்கள்? எந்த வரியில் நின்றுபோனீர்களோ அதை எடுத்துப் போட்டு, "இங்கே நின்றுவிட்டேன்" என்று எழுதுங்கள். பாதியில் நிற்கிற எத்தனையோ கதைகள் அதற்காகத்தான் நிற்கின்றன. ஊர் கூடாமல் தேர் நகராது.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சட்டத்துக்கு நேரமில்லை, பொறுத்தருள வேண்டும். கைப்பேசியை அணைக்கச் சொன்னார்கள். ஐயா அனுமதித்தால் இப்போது எடுங்கள். கடைசியாகப் படித்து முடித்த கதையைத் திறங்கள். கடைசிப் பத்திக்குக் கீழே காலியாக ஒரு பெட்டி இருக்கும். நான் படியிறங்கி இருக்கைக்குப் போவதற்குள் இரண்டு வரி எழுதிவிடலாம். நன்றி, வணக்கம்.