பம்பாய் 19: அப்பாவோட நோட்டு

வணக்கம் மக்களே. பின்னாடி பெரிய குவிமாடம் தெரியுதுல்ல, இதுதான் மும்பை ஜி.பி.ஓ., தலைமைத் தபாலாபீஸ். பீஜப்பூர்ல இருக்கற கோல் கும்பஸ் சமாதி மாதிரியே வேணும்னு கட்டி, 1913-ல முடிச்சிருக்காங்க. ஆனா வர்றவங்க எல்லாம் பக்கத்துல இருக்கற சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனைத்தான் போட்டோ எடுப்பாங்க. சரி, அது கெடக்கட்டும். அப்பா போய் நேத்தோட ஒரு வருஷம். திதி கொடுத்தாச்சு. வீட்ல உக்கார முடியல, கேமராவைத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன்.

சின்ன வயசுல அப்பாவுக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா போஸ்ட்மேன்னு சொல்லிடுவேன். அவருக்குச் சுருக்குனு கோவம் வரும். "ஆர்.எம்.எஸ்.ளா, ஸார்ட்டிங்!" ரயில்வே மெயில் சர்வீஸ். போஸ்ட்மேனை உங்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு இனாம் கொடுப்பீங்க. ஸார்ட்டரை யாரு பாத்தா? ராத்திரி பூரா பொந்து பொந்தா இருக்கற மர அலமாரி முன்னாடி நின்னு, ஒவ்வொரு கவரா அந்தந்தப் பொந்துல போடணும். அப்புறம் கட்டு, பை, சணல், அரக்கு. அரக்கு சுட்ட தழும்பு ஒண்ணு அப்பா கட்டை விரல்ல மிளகு சைஸுல பளபளன்னு இருக்கும். என்னைத் தூக்கி வெச்சிருக்கும்போது அதைத்தான் நான் தடவிக்கிட்டே இருப்பேனாம்.

அவங்க செட்டுல தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் அப்பா. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வர்ற இன்லேண்ட் லெட்டர்ல நிறைய தமிழ்லயே அட்ரஸ் இருக்கும். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-லயே வந்தாச்சு, ஆனா ஊர்ல யாரு எழுதினா? "பம்பாய், தாராவி, தோல்ஷாப்பு பக்கம், அரிசிக்கடை மாடி." அவ்வளவுதான் அட்ரஸே. அப்பா சிவப்பு மையில இங்கிலீஷ்ல 'தாராவி 17'னு எழுதிப் போடுவாராம். இதையெல்லாம் சோறு சாப்பிடும்போது சொல்வார், ஆனா லெட்டர் யாருக்குன்னு பேரை மட்டும் வாயே திறக்கமாட்டார். ஒரு தடவை நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். "சிரிக்காதளா. எழுதத் தெரியாதவ எவன்கிட்டயோ கெஞ்சி எழுதி வாங்கிருக்கா. அவ சரியாத்தான் சொல்லிருப்பா, எழுதினவன்தான் கோட்டை விட்டுட்டான்"னார்.

நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அது பொய். ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸ்ல ஒரே ரூம். நைட் டியூட்டி முடிஞ்சு அவர் தூங்குவார், நாங்க பகல் பூரா குசுகுசுன்னு பேசணும். மிக்ஸி போடக்கூடாது, அம்மா சட்னியை அம்மில அரைப்பா. 2005 ஜூலை 26 வெள்ளம் ஞாபகம் இருக்குல்ல? சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர். தெக்க கொலாபால நூறுகூட இல்ல. அப்பா ஆபீஸும் அந்தப் பக்கம்தான், பெருசா தண்ணியில்ல, ரயில்தான் நின்னுபோச்சு. மாத்தாள் எவனும் வர முடியல. இவர் அங்கயே பைமூட்டை மேல படுத்து, எந்திரிச்சு, திரும்ப வேலை பாத்திருக்கார். போன் கிடையாது. மூணாவது நாள் பரேல், ஹிந்த்மாதா வழியா நடந்தே வந்தார். அம்மா கத்தினா. "ஆள் வரலயே, பையை யாருகிட்ட விட்டுட்டு வர?"ன்னார். எங்களைவிட மூட்டை பெருசான்னு நான் ஒரு வாரம் பேசல. இப்பவும் அந்தக் கோவம் முழுசாப் போகல, சும்மா சொல்லக்கூடாது.

நேத்து திதி முடிஞ்சு அவரோட தகரப் பெட்டியை இறக்கினோம். மேல சணல் கட்டு, அதே தபால்பை முடிச்சு. நானும் தம்பியும் நகம் வலிக்க வலிக்கப் பாத்தோம், அசையல. தம்பி கத்திரிக்கோலை எடுத்தான். அம்மா வந்து ஒரு நுனியை லேசா இழுத்தா, பொத்துனு அவிழ்ந்துடுச்சு. "முப்பது வருஷமா அவர் சாப்பாட்டு மூட்டையை நான்தானல அவுத்தேன்"னா.

உள்ள பென்ஷன் பேப்பர், எல்.ஐ.சி. ரசீது, ஒரு நீட்டு நோட்டு. இதோ, கிட்ட காட்டறேன், வெளிச்சம் பத்தல. "சயான், சீயான், சையன் — 22. மாட்டுங்கா, மாதுங்கா, மட்டுங்கா — 19. செம்பூர், சேம்பூர் — 71." தமிழ்ல மக்கள் எப்படியெல்லாம் தப்பா எழுதுவாங்களோ, அத்தனையும். பின்கோடு வர்றதுக்கு முன்னாடியே பம்பாய்க்குத் தனி நம்பர் உண்டு, பெரியவங்க 'பம்பாய் 19'னுதான் எழுதுவாங்க. அதையே பின்னாடி 400019 ஆக்கிட்டாங்க. இந்த மாதிரி நாப்பது பக்கம்.

கடைசிப் பக்கம் மட்டும் நீல பால்பாயின்ட், கை நடுங்கியிருக்கு. ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு நாங்க வந்த ஊரு. "டோம்பிவிலி, டொம்பிவலி, தோம்பிவ்லி — 421201."

அந்த வீட்டுக்கு இதுவரை லெட்டர்னு ஒண்ணும் வந்ததில்ல மக்களே. கரண்ட் பில்தான் வரும், அதுல அட்ரஸ் சரியாத்தான் இருக்கும்.