புள்ளி வரி இல்லாத நாடுகள்

(காரைக்குடியில் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

"வளரும் நாடுகளில் சர்வாதிகாரமும் பொருளாதாரச் சார்பும்" என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுப் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் செட்டிநாட்டில் இதைப் பேச ஆப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. பர்மா போதும்.

பர்மா என்றால் நம் வீடுகளில் ஒரு கதை உண்டு. ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார், வட்டிக்கடை வைத்தார், 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், உயிர் பிழைத்தால் போதும் என்று காடு மலை கடந்து திரும்பினார், பிறகு ராணுவத் தளபதி நே வின் வந்து மிச்சத்தையும் பிடுங்கிக்கொண்டான். எல்லாம் உண்மைதான். 1942-க்கு முந்தைய பத்து வருஷத்தை மட்டும் நாம் பேசுவதில்லை.

1930-இல் கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது 25 பங்கு. ஏக்கர் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 25 லட்சம். நம் ஆட்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. வட்டிக்கடைக்காரனுக்கு வேண்டியது திரும்பி வரும் ரொக்கம். சேற்று வயலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதியாக விழுந்தது. நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கிய பர்மியக் குடியானவனால் வட்டியும் கட்ட முடியவில்லை, அசலும் கட்ட முடியவில்லை. ஈடு மூழ்கியது, நிலம் கடைக்கு வந்தது. நேற்றுவரை சொந்தக்காரனாக இருந்தவன் அதே வயலில் குத்தகைக்காரன் ஆனான்.

நெல் விலையை வைத்தது யார்? குடியானவனும் இல்லை, செட்டியாரும் இல்லை. பெரிய ஐரோப்பிய அரிசி ஆலைக் கம்பெனிகள் நான்கு கூடிப் பேசி வைத்துக்கொண்டன. செட்டியார் போட்ட சொந்த முதல் போக, மேற்கொண்டு அவருக்குக் கடன் கொடுத்தவை ரங்கூனில் இருந்த வங்கிகள். ஆனால் கிராமத்துக்காரன் கண்ணில் லண்டனும் படாது, வங்கி மேனேஜரும் பட மாட்டார். திருநீறு பூசிய நம் ஏஜண்டுதான் படுவார். கோபம் அவர் மேல் போனதில் என்ன ஆச்சரியம்?

அன்றைக்கு உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன். ஒரே பயிர், வெளியார் வைக்கும் விலை, வெளியார் கொடுக்கும் கடன். இப்படி ஒரு நாட்டில், "அத்தனை பேரையும் விரட்டுகிறேன், அதிகாரத்தை என்னிடம் கொடுங்கள்" என்று ஒருவன் சொன்னால் கைதட்டல் விழத்தான் செய்யும்.

1962 மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். நான்கே மாதத்தில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் அடி நமக்கு விழவில்லை, அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் விழுந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1963-இல் வங்கிகள், 1964-இல் கடைகள் அரசுடைமை. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள்.

சரி, வெளியார் போய்விட்டார்கள். சார்பு போனதா? நான்கு கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அரசாங்கம் என்ற ஒரே கம்பெனி. அது சொன்ன அடிமாட்டு விலைக்கு நெல்லைக் கொடுக்க வேண்டும். குடியானவன் எதற்காகக் கூடுதலாகப் பயிர் செய்வான்? ஏற்றுமதி சுருங்கிக்கொண்டே போனது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்து, மாற்றுப் பணமும் தரவில்லை. பதிலுக்கு வந்தவை 45 கியாட் நோட்டும் 90 கியாட் நோட்டும்! ஜெனரலுக்கு 9 ராசியான எண் என்று நாடே பேசிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு காலத்தில் உலகத்துக்கே சோறு போட்ட நாட்டை மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் ஐ.நா. சேர்த்தது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 8-ஆம் தேதி மக்கள் தெருவில் இறங்கினார்கள்; அதுதான் 8-8-88 கிளர்ச்சி.

அதற்கு அப்புறம் வந்த ராணுவ ஆட்சி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. கணக்கு தெரிந்த ஊர் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கடலில் எரிவாயு கிடைத்தது, குழாய் போட்டுத் தாய்லாந்துக்கு விற்றார்கள், டாலர் கொட்டியது. பர்மாவில் அப்போது டாலருக்கு இரண்டு விலை. அரசு விலை சுமார் 6 கியாட். சந்தையில் 1000 கியாட் வரை. வாயு விற்ற டாலரை பட்ஜெட்டில் 6 கியாட் விலைக்கு வரவு வைத்தார்கள். 100 கோடி டாலர் வந்தால் ஏட்டில் 600 கோடி கியாட்; சந்தை விலைக்கு அது ஒரு லட்சம் கோடி கியாட். இடையில் இருக்கும் தொகை எந்தப் பேரேட்டில் ஏறியது? நம் கடைகளில் ஒரு பெட்டியடிப் பையன் ஐந்தொகையில் இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். 2012 வரை இப்படித்தான் நடந்தது.

நம் நகரக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வரி போட்டு நடத்துகிறோம். அதனால்தான் காரியக்காரர் கூட்டத்தில் கணக்கு வாசிக்கிறார், அங்கே ஒருவர் எழுந்து சண்டையும் போடுகிறார். எங்கிருந்தோ ஒரே ஒரு பெரிய மனிதர் மொத்தச் செலவையும் அனுப்புகிறார் என்று வையுங்கள். காரியக்காரர் நம்மிடம் எதற்கு வாசிப்பார்? அவருக்குத்தான் கடிதம் எழுதுவார். வாயுப் பணமும் வெளிநாட்டுக் கடனும் இப்படித்தான். ஆள்கிறவனுக்குக் குடிமக்களின் தயவே தேவையில்லாமல் போய்விடுகிறது.

பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் 1972-இல் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். வெளிநாட்டு வங்கிகள் கவலைப்படவில்லை, தாராளமாகக் கடன் கொடுத்தன. அந்தப் பணத்தில் பட்டான் என்ற இடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். ஒரு யூனிட் மின்சாரம்கூட வரவில்லை. 1986-இல் மார்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். கடைசித் தவணை கட்டி முடிந்தது 2007-இல். கட்டியது யார்? கையெழுத்துப் போடும்போது பிறந்தே இராத பிள்ளைகளும் சேர்ந்துதான். இந்தோனேசியாவில் 1998 ஜனவரியில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. 30 வருஷம் நாட்டை நடுங்க வைத்த சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போடுகிறார். பன்னாட்டு நிதியத்தின் தலைவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நம் ஊரில் கைகட்டி நிற்பவன் வேலையாள். அந்தப் படத்தில் அவர்தான் எஜமான்.

"சர்வாதிகாரத்தில் கொரியா முன்னேறவில்லையா?" என்று பின்வரிசையில் யாராவது கேட்பீர்கள். எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு ஓடியது என்று சொல்லும் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். தென்கொரியாவில் ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சிக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே நிலச்சீர்திருத்தம் நடந்துவிட்டது. குத்தகைக்காரனுக்குச் சொந்த வயல் கிடைத்திருந்தது. பர்மாக் குடியானவன் இழந்தது எதுவோ, அது கொரியாக்காரனிடம் இருந்தது. அந்தப் பெருமையை ராணுவத் தொப்பிக்கு மட்டும் கொடுக்க எனக்கு மனமில்லை. பார்க்கையும் 1979-இல் அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றார்.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் பர்மாக் கடைப் பேரேடு கிடந்தால், இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாதீர்கள். குறிப்பாக 1930 முதல் 1938 வரை உள்ளவை. எந்தக் கிராமத்து நிலம், யாருடையது, எவ்வளவு பாக்கிக்கு வந்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஐயா நடந்து வந்த கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கணக்கை எழுத இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஏடுகள் வேண்டும். காட்டச் சம்மதிப்பவர்கள் போகும்போது நூலகரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.